கசெட்டில் இல்லாத கீச்சு ஓக்ஸில் வந்தது ஏன்?

கல்லடியில் நிற்கும் டொல்பின் வேன் ஒன்றில் ஐபொட் இணைப்பு: நிகழ்வு ஆய்வு

வாகனம் டொயோட்டா ஹையேஸ், ஊர்ப் பேச்சில் டொல்பின். டீசல், 12 வோல்ட். கிழமை நாட்களில் பள்ளிக்கூட ஓட்டம், லீவு நாட்களில் கலியாண ஹயர், ஆடியில் மாமாங்கம், கதிர்காமத்தில் கொடியேறினால் அந்தப் பக்கம். இரவில் நிற்பது கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற கல்லடியில், வாகனம் எங்கே நிற்கிறது என்பதையும் அதன் வயதோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். காரணம் பின்னால் வரும்.

பாட்டு வருவது 160 ஜிகாபைட் ஐபொட் கிளாசிக் ஒன்றிலிருந்து. அப்பிள் 2014 இல் விற்பனையை நிறுத்திவிட்ட சாதனம்தான். ஆனாலும் தேவாரம் முதல் கலியாண வீட்டுக் குத்துப்பாட்டு வரை அத்தனையும் ஒன்றுக்குள் அடங்கும்; பொத்துவில் தாண்டி சியம்பலாண்டுவைக் காட்டுப் பாதையில் போன் சிக்னல் அறுந்தாலும் பாடும். ஹயர் வேனுக்கு இன்னும் தோதான பெட்டி.

முறைப்பாடு இரண்டே வரி. "புது செட் போட்டதிலிருந்து எஞ்சினோட சேர்ந்து கீச்சிடுது. பழைய கசெட் டெக்கில அப்பிடி இல்லை." உரிமையாளர் இதிலிருந்து எடுத்த முடிவு, புது செட் பழுது என்பது. செட்டை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் ஆயிற்று. அடுத்ததும் அதே சுருதியில் கீச்சிட்டது. உண்மையில் இரண்டாவது வரியிலேயே கோளாறு இருக்கும் இடம் சொல்லப்பட்டிருந்தது. அதை விளங்க, இந்த வேனில் ஐபொட் எந்தெந்த வழியால் செட்டுக்குள் போனது என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

முதல் வழி: எப்.எம் ட்ரான்ஸ்மிட்டர்

வேனோடு வந்தது ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த கசெட் டெக். அதன் எப்.எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நம் நாட்டு எப்.எம் 88 முதல் 108 வரை. சூரியன், சக்தி, தென்றல் எல்லாம் கேட்கவேண்டுமென்று அன்டெனா வயரின் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டியைப் பொருத்துவது வழக்கம். வரும் அலையை ஒரு குறித்த அளவு கீழே இறக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. 14 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 98.0 இல் வருவது டயலில் 84.0 இல் விழும்.

லைட்டர் சொக்கட்டில் செருகும் ட்ரான்ஸ்மிட்டர் ஐபொட்டின் பாட்டை எப்.எம் அலையாக்கி 87.5 முதல் 108 வரை அனுப்பும். அதை 106.5 இல் வைத்துவிட்டு டெக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 14 கழித்தால் 92.5, டெக் 90 இலேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கழித்தலைச் செய்யாமல் "ட்ரான்ஸ்மிட்டர் வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. எக்ஸ்பாண்டரின் எண் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அழிந்திருந்தால், தெரிந்த ஒரு நிலையத்தின் உண்மை எண்ணிலிருந்து டயல் எண்ணைக் கழித்துப் பாருங்கள்.

இந்த வேனில் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. தொல்லை வேறு. மட்டக்களப்பு நகருக்குள் வெறுமையாக இருந்த இடம் கல்முனைக்குப் போகும்போது வெறுமையாக இல்லை. நிலையத்தின் அலை வந்து ட்ரான்ஸ்மிட்டரை மிதித்துவிடும். எப்.எம்மின் இயல்பு அது: இரண்டு அலை ஒரே இடத்தில் மோதினால் பலமானது மட்டுமே கேட்கும், மற்றது அமுங்கும். அதோடு, ஐபொட்டின் சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்திருந்ததால் ட்ரான்ஸ்மிட்டரின் உள்வாயில் பொங்கி, மேளம் எல்லாம் தகரம் தட்டினதுபோல வந்தது. 60, 70 வீதத்துக்கு இறக்கியிருந்தால் பாதி குறை தீர்ந்திருக்கும். எப்படியும் எப்.எம் 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டிவிடும். பேச்சுக்குப் போதும், பாட்டுக்குச் சுமார்.

இரண்டாவது வழி: கசெட் அடாப்டர்

கசெட் வடிவப் பெட்டி. உள்ளே நாடா இல்லை. நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டுக்கு நேரே இன்னொரு சின்ன ஹெட். ஐபொட்டின் ஒலி அதிலே காந்தப்புலமாக மாறி, டெக்கின் ஹெட் அதை நாடாவிலிருந்து வருவதாக நினைத்து எடுத்துக்கொள்கிறது. எளிமையான தந்திரம். எப்.எம்மைவிட நன்றாகப் பாடும், போட்டி நிலையமும் கிடையாது.

இந்த வேனில் அது ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு ஓட்டோ ரிவர்ஸ் தொல்லை தொடங்கிற்று. ஒரு பாட்டின் நடுவே "கடக்" என்று பக்கம் மாறும், மாறியதும் சத்தம் போய்விடும், திரும்ப மாறும். நாடாவைச் சுற்றும் சில்லு நின்றால் நாடா முடிந்துவிட்டது என்று டெக் முடிவெடுக்கும். அடாப்டருக்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரங்களின் வேலை அந்தச் சில்லைச் சுழல வைத்து டெக்கை ஏமாற்றுவதுதான். டேஷ்போர்ட் வெயிலில் அவை வளைந்து பல் நழுவினால் ஏமாற்று அம்பலமாகிவிடுகிறது. மறுபக்கம் திரும்பியதும் டெக்கின் ஹெட் வேறு இடத்தில் படிக்கிறது, அடாப்டரின் ஹெட் அங்கே இல்லை, அதனால் அமைதி. பற்சக்கரத்தில் எண்ணெய் விடுவது தீர்வாகாது. எண்ணெய் ரப்பர் உருளையில் ஏறி மற்றக் கசெட்டுகளையும் கெடுக்கும். வேறு அடாப்டர் வாங்குவதே வழி.

இங்கே கவனிக்க வேண்டியது இது. ஐபொட் இந்த ஒன்றரை வருடமும் லைட்டர் சொக்கட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டேதான் பாடியது. கீச்சு இல்லை.

மூன்றாவது வழி: ஓக்ஸ்

அடாப்டர் ஓய்ந்ததும், டெக்கைக் கழற்றிவிட்டு முன்பக்கம் ஓக்ஸ் துளையும் (வெளிச் சாதனத்தின் ஒலியை வயரால் நேரே வாங்கும் வாய்) யூ.எஸ்.பியும் உள்ள, டேஷ்போர்ட்டின் வழமையான ஒற்றை DIN அளவுச் சீ.டீ செட் போடப்பட்டது. பொருத்தியவர் டொயோட்டாவின் 10 பின், 6 பின் சொக்கட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். அந்தச் சொக்கட்டில் நேரே செருகும் மாற்று வயர்த்தொகுதி பாட்ஸ் கடைகளில் கிடைக்கிற காலத்தில் இது தேவையற்ற வெட்டு.

வெட்டியவர் நிறத்தைப் பார்த்து, செட்டின் மஞ்சளை நிரந்தர 12 வோல்ட்டிலும், சிவப்பைச் சாவி வயரிலும் சரியாகத்தான் சேர்த்தார். டொயோட்டா பக்கத்தில் இவை முறையே நீலத்தில் மஞ்சள் கோடு, சாம்பல். கறுப்பு வயருக்கு வந்தபோதுதான் சோம்பல் பிடித்தது. டொயோட்டாவின் மண்ணிற ஏர்த் வயர் (மின் பற்றரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழி) குட்டையாக வெட்டுப்பட்டுவிட்டதால் அதை விட்டுவிட்டு, செட்டைத் தாங்கும் தகட்டில் ஒரு தகர ஆணியை முறுக்கி அதிலே கறுப்பைச் சுற்றிவிட்டார். செட் எரிந்தது, பாடியது; கூலியும் வாங்கியாயிற்று.

ஐபொட்டிலிருந்து 3.5 மில்லிமீற்றர் ஓக்ஸ் வயர். பக்கத்தில் லைட்டர் சொக்கட்டில் சார்ஜர். சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பியதும் கீச்சு. அக்சிலேற்றரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும்.

எஞ்சினோடு ஏறி இறங்கும் கீச்சு, பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்டனேட்டரிலிருந்து வருவது. கணக்குப் போட்டும் உறுதிப்படுத்தலாம். வழக்கமான 12 துருவ அல்டனேட்டர், மூன்று பேஸ் மின்னை டயோட் வழியே நேராக்கும்போது ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளைத் தரும். எஞ்சின் அக்சிலேற்றர் மிதிக்காமல் 750 சுற்றில் ஓட, பெல்ட் ஓடும் புல்லிகளின் விகிதம் 2 என்றால் அல்டனேட்டர் நிமிடத்துக்கு 1500, அதாவது செக்கனுக்கு 25 சுற்று. 25 ஐ 36 ஆல் பெருக்கினால் 900 ஹேர்ட்ஸ். எஞ்சின் 2000 க்கு ஏறினால் 2400 ஹேர்ட்ஸ். மனிதக் காதுக்கு மிகக் கூர்மையாகப் படுகிற இடம் அது. சின்னச் சிற்றலையும் பெரிதாகக் கேட்பது அதனால்தான்.

ஆனால் சிற்றலை எல்லா வாகனத்திலும் இருக்கிறது. எல்லா வாகனமும் கீச்சிடுவதில்லை.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தது

எஞ்சின் ஓட, செட்டின் சத்தம் ஒரே எண்ணில் நிற்க, ஓக்ஸ் தெரிவில் வைத்துக்கொண்டு செய்த சோதனை. முதலில் ஓக்ஸ் வயரைச் செட்டிலிருந்தே கழற்றினால் அமைதி. அப்படியென்றால் மஞ்சள், சிவப்பு வழியே அழுக்கு மின் ஏறி வரவில்லை, செட்டும் பழுதில்லை. செட்டை மாற்றிய பணம் வீண் என்று இந்த ஒரு சோதனையே சொல்லியிருக்கும், அதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்து ஓக்ஸ் வயரைச் செருகி ஐபொட்டை மாட்டி, சார்ஜரை மட்டும் கழற்றியபோதும் சுத்தமான பாட்டு. சார்ஜரைச் செருகியதும் கீச்சு. வேறு சார்ஜர் போட்டபோது கீச்சு அப்படியே இருந்தது, ஆனால் அடியில் ஓடிய மெல்லிய "ஸ்ஸ்" மறைந்தது. ஆக இருந்தது இரண்டு சத்தம்: கீச்சு ஒன்று, மலிவுச் சார்ஜர் தானே போடும் இரைச்சல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சார்ஜரை மட்டும் மாற்றுகிறவர் "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுவார்.

முடிவான சோதனைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் பற்றரி தேவைப்பட்டது. 12 வோல்ட் பற்றரியை ஆசனத்தில் வைத்து, அதே பழைய சார்ஜரை அதிலே இணைத்து ஐபொட்டைச் சார்ஜ் செய்தபோது கீச்சு போய்விட்டது. சார்ஜர் அதே, வயர் அதே, ஐபொட் அதே. மாறியது ஒன்றே ஒன்று: சார்ஜரின் ஏர்த் இப்போது வேனின் உடம்போடு சேரவில்லை. பவர் பேங்க் இருந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம்.

இனி கசெட்டின் புதிரும் அவிழும். கசெட் அடாப்டருக்கும் டெக்குக்கும் நடுவே வயர்த் தொடுப்பே இல்லை, காந்தப்புலம் மட்டும். எப்.எம்மிலும் அப்படியே, நடுவில் காற்று. ஐபொட்டின் ஏர்த்தும் செட்டின் ஏர்த்தும் செம்பால் நேராக இணைந்தது ஓக்ஸ் வந்த பிறகுதான். தரத்தில் குறைந்த வழிகள் இரண்டும் ஏர்த்தின் குறையை மறைத்தன. தரமான வழி அதை வெளியே கொண்டுவந்தது.

ஓமில் அளக்காதீர்கள்

செட்டின் ஏர்த் கெட்டதா என்று பார்க்க மல்டிமீற்றரை ஓமில், அதாவது மின்தடை அளவில், வைத்துத் தொடுவதுதான் வழமை. இந்த வேனிலும் அப்படித் தொட்டபோது 0.3 ஓம் காட்டியது. மீற்றரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டபோதும் அதே 0.3. அதாவது மீற்றரின் சொந்த வயரைத்தான் அது அளக்கிறது. இங்கே தேடுவது 0.05 ஓம் அளவுக் கோளாறு. சாதாரண மீற்றரின் கண்ணுக்கு அது எட்டாது.

அதற்குப் பதில் மின் ஓடும்போது வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். எஞ்சின் ஓட, தலை விளக்கு எரிய, பாட்டு நடுத்தரச் சத்தத்தில் போக, மீற்றரை 2 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலேயே பிடித்து எடுத்த எண்கள்: செட்டின் உலோக உடம்பில் 0.21 வோல்ட், லைட்டர் சொக்கட்டின் வெளிவளையத்தில் 0.05 வோல்ட். இரண்டுக்கும் இடையே 0.16.

பாட்டு நேரத்தில் செட் 3, 4 அம்பியர் இழுக்கும். அந்த மின் தகர ஆணி வழியே உடம்புக்குத் திரும்ப வேண்டும். ஆணியைக் கழற்றியபோது அதன் அடியில் டொயோட்டாவின் பூச்சு அப்படியே இருந்தது. பூச்சைத் துளைத்த ஆணியின் புரி மட்டும்தான் இரும்பைத் தொட்டது, அந்தப் புரியிலும் உப்புக் காற்றின் துரு. நல்ல வழி இல்லாத மின், கிடைத்த வழியில் போகும். கிடைத்த வழி ஓக்ஸ் வயரின் மெல்லிய வெளிப்பின்னல்: செட்டிலிருந்து ஐபொட், அங்கிருந்து சார்ஜர், லைட்டர் சொக்கட், உடம்பு. இந்தப் பின்னல்தான் பாட்டுக்கும் திரும்பு பாதை. செட்டின் மின்னும், அதன் மேல் ஏறிவரும் அல்டனேட்டர் சிற்றலையும் அதே பின்னலில் ஓடும்போது அங்கே ஏற்படும் சில மில்லிவோல்ட் இழப்பைச் செட் பாட்டாகவே நினைத்துப் பெருக்கித் தருகிறது.

அன்டெனா வயரையும் கழற்றிப் பார்த்தபோது கீச்சு இன்னும் கூடியது. அன்டெனாவின் வெளிப்பின்னலும் வேனின் உடம்பில் ஏர்த் ஆகிறது. செட்டின் மின்னில் ஒரு பங்கு அதுவரை அந்த வழியாலும் திரும்பிக்கொண்டிருந்தது. அன்டெனாவைக் கழற்றினால் சத்தம் மாறுகிறது என்றால், மற்ற அளவுகளை எடுக்காமலே செட்டின் ஏர்த்தைச் சந்தேகிக்கலாம்.

அல்டனேட்டரையும் விட்டுவைக்கவில்லை. பற்றரியில் 14.1 வோல்ட், மீற்றரை மாறுமின்னுக்கு மாற்றினால் 0.04. அரை வோல்ட்டைத் தாண்டியிருந்தால் டயோட் ஒன்று போயிருக்கும், அப்போது ஏர்த்தை எவ்வளவு திருத்தியும் பயனில்லை. இங்கே அது நலம்.

திருத்தியது

தேவைப்பட்டவை கொஞ்சம். 2.5 சதுர மில்லிமீற்றர் கறுப்பு வயர் 60 சென்ரிமீற்றர், 6 மில்லிமீற்றர் துளையுள்ள வளைய முனைகள் இரண்டு, பல்லுள்ள வாஷர், உப்புத்தாள், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 3 அம்பியர் மாற்றி, 3 அம்பியர் பியூஸ் கூடோடு, சூட்டில் சுருங்கும் குழாய், கொஞ்சம் வஸ்லின்.

செட்டைக் கழற்றுமுன் பற்றரியின் நெகட்டிவ்வை எடுத்தாயிற்று. சாரதியின் கால்மாட்டுத் தகட்டுக்குப் பின்னே வாகனத்தின் உடம்போடு ஒட்டிய போல்ட் ஒன்று உண்டு. அதன் அடியில் பூச்சைப் பளபளக்கும் இரும்பு வரை சுரண்டி, செட்டின் கறுப்பு வயரை வளைய முனையில் ஈயம் வைத்து, பல் வாஷரோடு இறுக்கினார்கள். இறுக்கிய பிறகுதான் வஸ்லின். முதலே பூசினால் அது இரும்புக்கும் முனைக்கும் நடுவே புகும். பூசாமல் விட்டால் கல்லடிக் காற்று அடுத்த மாரிக்குள் வேலையைக் காட்டும்.

லைட்டர் சொக்கட்டின் சார்ஜர் எடுக்கப்பட்டது. மாற்றியின் பொசிட்டிவ், செட்டின் சிவப்புச் சாவி வயரிலிருந்து 3 அம்பியர் பியூஸ் வழியே. நெகட்டிவ், இரண்டாவது வளைய முனையால் அதே போல்ட்டில். இந்த "அதே" முக்கியம். செட்டும் சார்ஜரும் ஒரே போல்ட்டில் ஏர்த் ஆனால் பின்னலின் இரு முனைக்கும் வோல்ட் வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லையென்றால் ஓட மின் இல்லை.

மீண்டும் அளந்தபோது செட்டின் உடம்பு பற்றரியிலிருந்து 0.05 வோல்ட், செட்டுக்கும் மாற்றிக்கும் இடையே 2 மில்லிவோல்ட். முதல் எண் சுழியத்துக்கு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பற்றரி ஏர்த் வயரின் பங்கு அது. பார்க்க வேண்டியது இரண்டாவது எண். கீச்சு போயிற்று. செட்டின் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி, பாட்டை நிறுத்திக் காதை வைத்தால் மட்டும் நூல் அளவு கேட்டது.

இதற்கு முன்பே உரிமையாளர் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று விற்கும் சிறு பெட்டியை வாங்கியிருந்தார். ஓக்ஸ் வயரின் நடுவே போடுவது. உள்ளே இரண்டு சிறு ட்ரான்ஸ்போமர், ஒலியைக் காந்தத்தால் கடத்தி ஏர்த்தைத் துண்டிக்கும். கசெட் அடாப்டர் தற்செயலாகச் செய்ததை இது வேண்டுமென்றே செய்கிறது. போட்டுப் பார்த்தால் கீச்சு நின்றது உண்மை. ஆனால் தவிலின் தொப்பிப் பக்க அடி மெலிந்துபோனது. ட்ரான்ஸ்போமரின் நடுவிலுள்ள கடுகளவு இரும்பு, ஆழ்ந்த ஒலியின் காந்தத்தைத் தாங்காமல் நிறைந்துவிடும். டேஷ்போர்டைக் கழற்ற முடியாத வாகனத்துக்கு, வாடகைக் காருக்கு, அது பரவாயில்லை. சொந்த வேனில் ஏர்த்தைத் திருத்துவதை விட்டு ஐசோலேட்டர் போடுவது, ஓட்டை வாளிக்குக் கீழே சட்டி வைப்பது போல.

ஸ்பீக்கர் வயர்களில் ஒரு தப்பு கண்ணில் பட்டது: பின் ஸ்பீக்கர்கள் இரண்டின் நெகட்டிவ்வும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் உயிருள்ளவை, ஒவ்வொன்றிலும் சுமார் 6, 7 வோல்ட் நிற்கும். அவற்றை ஒன்றாகச் சேர்க்கவோ உடம்பில் தட்டவோ கூடாது. செட் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும் அல்லது எரியும். பிரித்துத் தனித்தனியே கொடுக்கப்பட்டது.

சத்த மட்டம்

கீச்சைப் பெரிதாக்கிய இன்னொரு பழக்கமும் இருந்தது. ஐபொட்டின் சத்தத்தைப் பாதியில் வைத்து, செட்டை உச்சத்துக்கு ஏற்றுவது. ஹெட்போன் துளையிலிருந்து அப்போது வருவது ஒரு வோல்ட்டின் சிறு பங்கு. செட் அதைப் பெருக்கும்போது இடையில் புகுந்த குப்பையையும் சேர்த்தே பெருக்குகிறது. ஹெட்போன் துளையைப் பயன்படுத்துவதென்றால் ஐபொட்டை 80 வீதத்தில் நிறுத்திவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் செட்டில்தான். முழுதாக ஏற்றினால் சில பாட்டுகளில் கரகரக்கும். ஐபொட்டின் ஈக்குவலைசரை அணைத்துவிடுங்கள். பேஸ் கூட்டும் தெரிவு சத்தமான பாட்டுகளில் உள்ளேயே ஒலியை வெட்டிவிடும், பிறகு செட்டால் அதைச் சீராக்க முடியாது.

இந்த வேனில் ஹெட்போன் துளைக்குப் பதிலாக, ஐபொட்டின் அடியிலுள்ள 30 பின் வாயில் செருகும் வயர் போடப்பட்டது. அதில் ஒலி வெளிவாயும் சார்ஜும் ஒரே பிளக்கில் வரும். அங்கே வருவது ஐபொட்டின் சத்தக் கட்டுப்பாட்டுக்கு முன்பே எடுத்த, சுமார் 1 வோல்ட் மாறா மட்டம். எந்தச் சாரதி என்ன வைத்தாலும் மாறாது. மலிவு வயர்களில் ஒலி ஏர்த்தும் சார்ஜ் ஏர்த்தும் பிளக்குக்குள்ளேயே ஒன்றாக ஈயம் வைக்கப்பட்டிருக்கும். செட்டும் மாற்றியும் ஒரே போல்ட்டில் இருப்பதால் இங்கே அது தீங்கு செய்யவில்லை; லைட்டர் சொக்கட்டில் இருந்திருந்தால் செய்திருக்கும்.

சார்ஜில் ஒரு சிக்கல் எதிர்பாராமல் வந்தது. 5 வோல்ட் சரியாக வந்தும் ஐபொட் சார்ஜை ஏற்கவில்லை. யூ.எஸ்.பியின் நடுவிலுள்ள இரண்டு தரவு வயர்களிலும் ஏதாவது வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஐபொட் சார்ஜரை நம்பும். வெறுமையாக விட்டால் மறுக்கும். தரவு வயர் ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 75 கிலோஓம், ஏர்த்துக்கு 51 கிலோஓம் வைத்தால் 2 வோல்ட் நிற்கும், அரை அம்பியர் வரை இழுக்கும். நான்கு மின்தடை, பத்து நிமிட வேலை. ஐபொட்டுக்கு என்று செய்த மாற்றி வாங்கினால் இதுவும் வேண்டாம்.

வைக்கும் இடம் கையுறைப் பெட்டிக்குள். அப்பிள் சொல்லும் இயங்கு வெப்பம் 35 பாகை வரை. வைகாசி வெயிலில் கண்ணாடியடியில் டேஷ்போர்ட் அதை வெகுவாகத் தாண்டும். கிளாசிக்குக்குள் இருப்பது சுழலும் டிஸ்க். பாட்டை முன்கூட்டியே நினைவில் ஏற்றிவிட்டு நின்றுவிடும் என்பதால் வழமையான குலுக்கலைத் தாங்கும், ஆனால் அடியில் பஞ்சு ஒன்று வைப்பது நல்லது.

ஐபொட் இல்லாத வேனிலும் இதே கீச்சு

இப்போது பரவலாக இருப்பது, ஓக்ஸில் செருகி யூ.எஸ்.பியில் மின் எடுக்கும் சிறு புளூடூத் பெட்டி. போன் காற்றில் பேசுகிறது, ஏர்த் தொல்லை இருக்காது என்று நினைப்போம். ஆனால் பெட்டியே சார்ஜருக்கும் ஓக்ஸுக்கும் நடுவே பாலமாகிவிடுகிறது. செட், சார்ஜர், உடம்பு என்று மேலே சொன்ன அதே ஏர்த் வளையம், அதே கீச்சு, அதே சோதனை. உள்ளே பற்றரி உள்ள பெட்டியானால் சார்ஜிலிருந்து கழற்றிப் பாருங்கள். அமைதியானால் ஏர்த்தைத் தேடுங்கள்.

போனை நேரே ஓக்ஸில் செருகும்போது வேறொரு விந்தை வரும்: வாத்தியம் எல்லாம் கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் குகைக்குள் போனதுபோல. பிளக்கின் ஏர்த் தொடாமல் இருக்கிறது. ஏர்த் இல்லாதபோது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே செட்டுக்குப் போகும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்துவிடுகிறது. பாதி செருகிய பிளக், போன் உறையின் தடிப்பு, அல்லது வயருக்குள் அறுந்த பின்னல்.

யூ.எஸ்.பி பென்னில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு இந்த ஏர்த் வம்பே இல்லை. அங்கே தொல்லை வேறு. செட்டுகளில் பெரும்பாலானவை எப்.ஏ.ரி 32 முறையில் அமைத்த பென்னை மட்டும் படிக்கும். 64 ஜிகாபைட் பென் கடையிலிருந்து வருவது பெரும்பாலும் எக்ஸ்பாட் என்ற வேறு முறையில். பாட்டின் பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் திரையில் கட்டங்கள் வரும், பாடுவதற்குத் தடையில்லை. வரிசை பெயர்ப்படி வராமல் பிரதி எடுத்த ஒழுங்கில் வருவதும் பென்னின் குற்றமல்ல. பல செட்டுகள் பென்னில் எழுதப்பட்ட ஒழுங்கிலேயே வாசிக்கின்றன. தனி எம்.பி.3 பிளேயரை யூ.எஸ்.பியில் செருகிச் செட் கண்டுகொள்ளாவிட்டால், பிளேயரின் அமைப்பில் எம்.ரி.பி என்பதை மாஸ் ஸ்டோரேஜ் ஆக்கிப் பாருங்கள்.

ரோசா, கோஸ்டர் பஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவை 24 வோல்ட், இரண்டு பற்றரி தொடராக. 12 வோல்ட் செட்டுக்கு நடுவிலிருந்து மின் எடுப்பது பலரும் செய்வது. ஒரு பற்றரி மட்டும் வடிந்து, மற்றது அளவு கடந்து சார்ஜாகி இரண்டும் கெடும். அதைவிட மோசம், மேல் பற்றரியிலிருந்து செட்டுக்குக் கொடுப்பது: அப்போது செட்டின் ஏர்த்தே உடம்பைவிட 12 வோல்ட் மேலே நிற்கும். லைட்டர் சொக்கட்டில் சார்ஜாகும் ஐபொட்டை ஓக்ஸில் செருகிய கணம் வயர் புகையும். 24 ஐ 12 ஆக்கும் குறைப்பான் போட வேண்டும், செட்டும் சார்ஜரும் இரண்டும் அதிலிருந்தே.

மாரிக்குப் பிறகு

வேலை முடிந்தது புரட்டாதியில். வடகீழ்ப் பருவக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு தையில் அதே இடங்களில் மீண்டும் அளந்தார்கள். செட்டுக்கும் மாற்றிக்கும் இடையே 2 மில்லிவோல்ட், மாற்றமில்லை. செட்டின் உடம்பிலிருந்து பற்றரிக்கு மட்டும் 0.05 இலிருந்து 0.11 க்கு ஏறியிருந்தது. கால்மாட்டு போல்ட் வஸ்லினுக்குள் புதிதுபோல இருந்தது. துரு ஏறியிருந்தது பற்றரி நெகட்டிவ்விலிருந்து உடம்புக்குப் போகும் தடித்த வயரின் முனையில். பச்சைப் பொடி. வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூசியதும் 0.04. அந்த முறை பாட்டில் கீச்சு எதுவும் கேட்டிருக்கவில்லை. காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று சாரதி தனியாக ஒரு முறைப்பாடு வைத்திருந்தார், அதுவும் அன்றோடு தீர்ந்தது.